கொழுந்தோடு கிடந்த கூடைகள்

நாற்பதைத் தாண்டிய பிறகு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் நீதிமன்ற வளாகத்தில் எப்போதும் ஓரிருவர் இருந்துகொண்டே இருக்கிறார்கள். பேங்க்கில் இருந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்தவர் என்று பலவிதம். வந்த முதல் வாரத்திலேயே அவர்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஏதோ நோயைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்பார்கள்: "சார், ரொம்ப லேட்டா வந்துட்டமோ?"

வயதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டி குளிரில் முட்டி வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் பழைய வேலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி இருக்கிறதே, அதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். இப்போது கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டதால் பேசவும் நேரம் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் வந்தவர்களும் உட்கார்ந்து கேட்கலாம், தப்பில்லை.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவன். தோட்டத்திலிருந்து வரும் இலையை எவ்வளவு நேரம் வாட வைப்பது, எப்போது உருட்டுவது, எப்போது அடுப்பில் போடுவது என்று முடிவு செய்கிற ஆள். எல்லாம் மூக்கும் விரலும் பார்க்கிற வேலை. இலையை ஒரு பிடி பிடித்து விட்டால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நிர்வாகத் தரப்பில் சாட்சி சொல்ல என்னைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேலை நேரத்தில் ஒரு மெஷின்காரர் தூங்கிவிட்டார் என்பது வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் ஒல்லியான மனிதர், குரலே எழும்பாது. "அவர் தூங்கினதை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார். "தூங்கித்தான் இருப்பாருங்க. இலை நேரத்துக்கு எடுக்காம முத்திப் போயிருந்துச்சு" என்றேன். "நான் கேட்டது அதில்லைங்க. பார்த்தீங்களா?" நான் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தேன், முடிவு கட்டினேன், அந்த முடிவையே கண்ணால் கண்டது போல இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் அந்தக் கேள்வியிலிருந்து இறங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புத்தான். பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் மச்சினனுக்கு என்னைப் பிடிக்காது என்று யார் சொன்னது? எனக்குத் தெரிந்ததில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு நானாகக் கட்டிக்கொண்டது? இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படிக்காமல் இத்தனை காலம் ஓட்டிவிட்டோமே என்று ஆற்றாமையாக இருந்தது. அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் சட்டக் கல்லூரியில் சேர மனுப் போட்டேன்.

"ஏனுங்க, ஒரு வக்கீல் ஒரு கேள்வி கேட்டுப்போட்டாருன்னு வேலைய உடுவாங்களா யாராச்சும்?" என்றாள் என் மனைவி.

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"தெரிஞ்சுக்கோணும்னா லைப்ரரிக்குப் போங்க. அங்க ஆரும் வேலைய உடச் சொல்றதில்லீங்க."

ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவளே என் பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டைகளை எடுத்துவிட்டுப் பருத்திச் சட்டைகளை அடுக்கினாள். "கீழ வெயிலடிக்குமுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பூட்டைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன். கோயம்புத்தூரில் தங்கினது, என்னைப் பிடிக்காது என்று நான் நினைத்திருந்த அந்த மச்சினன் வீட்டில்தான். மூன்று வருஷமும் தினம் காலையில் எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்தவர் அவர்.

கல்லூரியில் என்னை முதலில் 'அங்கிள்' என்றார்கள். பிறகு வேறு பெயர் வந்தது. கவனக்குறைவைப் பற்றிய பாடத்தில் 'நியாயமான மனிதன்' என்று ஒருவர் வருவார், உங்களுக்குத் தெரியும். எந்தச் சூழ்நிலையிலும் அவர் எப்படி நடந்துகொள்வாரோ அதுதான் அளவுகோல். ஆசிரியர் என்னைவிடச் சின்னவர். நான் எழுந்து, "சார், அந்த ஆளு எந்த ஊருங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. "எந்த ஊரும் இல்லை" என்றார் ஆசிரியர். "மழை பெய்யற ஊரா இல்லியான்னாவது சொல்லுங்க சார். பனி மூடின ரோட்டுல நிதானமா ஓட்டுறது வேற, அவிநாசி ரோட்டுல நிதானமா ஓட்டுறது வேற." அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "அதைத்தான் வக்கீல் எடுத்துச் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து என் பெயர் 'ரீசனபிள் மேன்' ஆகிவிட்டது. கேன்டீன்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். வீட்டில் அந்தப் பட்டத்தைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படித்து முடித்து ஊட்டிக்கு வந்து ஜூனியராகச் சேர்ந்தேன். சீனியர் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பக்கத்துப் படுகர் ஊரான ஒரு ஹட்டியில் பிறந்தவர், அம்மாவோடு போனில் படுகர் மொழியில் சண்டை போட்டுக்கொண்டே மனு டிக்டேட் செய்வார். பெயரைப் போட்டு எழுதினால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லியிருப்பதால் சீனியர் என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் என்னை 'அண்ணா' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன். கட்சிக்காரர்கள் வந்தால் நேராக என் நரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அவரிடம் "மேடம், ஐயாவப் பாக்கோணும்" என்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஐயா இப்பத்தான் படிச்சிட்டு வந்திருக்காரு, நான் பாக்குறேன் வாங்க" என்பார்.

முதல் பாடம் ஒரு டீக்கடையில் கிடைத்தது. ஜீப் ஒன்று ஒரு மாட்டை இடித்துவிட்டது. நாம் ஜீப்காரர் தரப்பு. ஜீப் தறிகெட்டு வந்ததை நேரில் பார்த்தேன் என்று ஒருவர் சாட்சி. நான் குறுக்கு விசாரணை. அவர் டீக்கடைக்கு உள்ளே இருந்தார், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், மாடு கத்தின பிறகுதான் திரும்பினார். மூன்றையும் வாங்கிவிட்டேன். அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சீனியர் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுக்கக்கூடச் செய்தார். ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அப்ப ஜீப் வேகமா வந்தது உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுத்தாப்புல பன்னு வெக்கிற கண்ணாடி அலமாரி இருக்குதுங்க. அதுல ரோடு பூராவும் தெரியுமுங்க" என்றார் அவர்.

நீதிபதி சிரித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்குக் கைகொடுக்க வந்தார். வெளியே வந்ததும் சீனியர் திட்டவில்லை. ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருந்தா இங்க நின்னு கேளுங்க. கூண்டுல நிக்கிறவன்கிட்ட கேக்காதீங்க. அங்க உங்க ஆசைக்கு இன்னொருத்தர்தான் விலை குடுப்பாங்க."

சட்டத்துக்கு வந்ததே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். வந்த இடத்தில் கேட்காதே என்கிறார்கள். எனக்கு இது பெரிய குழப்பமாகவே இருந்தது. அந்தக் குழப்பம் ஒரு வழக்கில் என் கழுத்தைப் பிடித்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவர் பாக்கியம். சிறுமியாக இருக்கும்போது இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். புருஷன் இறந்துவிட்டார், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. ஒருநாள் பகலில் மேனேஜர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குள் வந்தபோது அந்தப் பகுதியில் ஒரு பெண்ணும் இல்லை. பிறகு கூப்பிட்டு விசாரித்ததற்குச் சூப்பர்வைசர், "வேல செய்யமாட்டோம்னு எல்லாரும் போயிட்டாங்க, பாக்கியந்தான் கூட்டிட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டார். மழைக்குப் போட்டுக்கொள்ள ரப்பர் சீட்டு வேண்டும் என்று முந்தின மாதம்தான் பாக்கியம் ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டிருந்தார். ஆகவே எல்லோரும் உடனே நம்பினார்கள். மற்ற பெண்களுக்கு எச்சரிக்கை, பாக்கியத்துக்கு வேலைநீக்கம். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். காம்பரா என்று அவர்கள் சொல்கிற அந்த ஒற்றை அறையைத் தவிர அவருக்கும் மகளுக்கும் இந்த நாட்டில் வேறு கூரை கிடையாது.

முதல் நாளே கேட்டேன். "எதுக்கும்மா தேயிலைக் காட்ட விட்டுப் போனீங்க?"

"போனோமுங்க."

"அதான் எதுக்கு?"

"அது சொல்ல ஏலாதுங்க ஐயா. வேலைய மட்டும் வாங்கிக் குடுங்க."

வேலையை வாங்கித் தர வேண்டும், காரணத்தைக் கேட்கக் கூடாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். சிரிப்பார், முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார், மகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசர் ஏதாவது தகாத முறையில் நடந்துகொண்டாரா என்று சீனியர் தனியாக வைத்துக் கேட்டார். "ஐயோ, யோகுவா? அது என் கண்ணு முன்னால வளந்த பிள்ளைங்க" என்று பதறிவிட்டாராம். யோகநாதன் என்கிற அந்தச் சூப்பர்வைசரும் அதே லயத்தில் பிறந்தவர். கூடை சுமந்த அம்மாவுக்குப் பிறந்து, படித்து, சூப்பர்வைசர் ஆன முதல் ஆள் அந்த வரிசையில் அவர்தான்.

தொழிலாளர் நீதிமன்றம் கோயம்புத்தூரிலிருந்து மேலே ஊட்டிக்கு வந்து உட்காரும் நாளில் விசாரணை. காலையில் மேனேஜர் கூண்டேறினார். கெட்ட மனிதர் இல்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய வக்கீல், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டார். மேனேஜர் சொன்னார்: "ஆள் யாரும் இல்லை. கூடைகள் எல்லாம் கொழுந்தோடு அங்கங்கே சாய்ந்து கிடந்தன." வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள் பாருங்கள் என்கிற மாதிரி வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்களில் தோட்டத்துப் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடையில் இருக்கிற கொழுந்துதான் அன்றைய கூலி. நிறுத்துப் போட்டால்தான் கணக்கு. போதாததற்கு, பறித்த இலை கூடையில் அடைந்து கிடந்தால் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும். டீ மேக்கராக இருந்த காலத்தில் எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பார்த்திருக்கிறேன். ஆவேசமாகக் கோஷம் போட்டுக்கொண்டு வருவார்கள், ஆனால் நேராக நிறுக்கிற இடத்துக்கு வந்து இலையைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நிர்வாகத்தின் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இலையின் மேல் கோபம் காட்டின பெண்ணை நான் கண்டதில்லை. கூடையைக் கொழுந்தோடு போட்டார்கள் என்றால் அவர்கள் வேலைக்கு மறுத்துப் போகவில்லை. எதற்கோ ஓடியிருக்கிறார்கள்.

மதிய இடைவேளையில் வராண்டாவில் பாக்கியத்தைப் பிடித்தேன். "யானையா அம்மா?"

அவர் சிரித்துவிட்டார். "அன்னைக்கு யானையும் இல்ல, பூனையும் இல்லீங்க ஐயா."

அந்தப் பக்கம் யானை வராத மாதம் கிடையாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கே முடிந்திருக்கும். அவருக்கும் அது தெரியும் என்று முகத்தில் தெரிந்தது. "அப்ப எதுக்கு ஓடுனீங்க?" என்றேன்.

"ஓடுனோம்னு ஆரு சொன்னா?"

"கூடை சொல்லுது."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "ஐயா தோட்டத்துல இருந்தவுங்க, கண்டுபிடிச்சிட்டீங்க. இதுக்கு மேல நோண்டாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்." நிஜமாகவே கும்பிட்டார். சீனியர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "கூடை போதும்ணா. யோகநாதன் வாயால அந்த வழக்கத்தை மட்டும் ஒத்துக்க வையுங்க. மீதிய வாதத்துல பாத்துக்கலாம். ஏன்னு கேட்றாதீங்க." பன் அலமாரியை அவர் நினைவுபடுத்தவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நிர்வாகத்தின் அடுத்த சாட்சியாக யோகநாதன் கூண்டில் ஏறினார். முப்பதுக்குள் வயது, வெளுத்த முகம், கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. நான் மெதுவாக ஆரம்பித்தேன். உங்க அம்மாவும் கொழுந்து பறிச்சவங்களா? ஆமாங்க. கொழுந்தை நிறுக்காம விட்டா அன்னைக்குக் கூலி? வராதுங்க. ஸ்ட்ரைக் பண்ணுறப்போகூட இலையப் போட்டுட்டுத்தானே போவாங்க? "ஆமாங்க, போட்டுட்டுத்தான் போவாங்க." உங்க சர்வீசுல யாராவது கூடையக் கொழுந்தோட வீசிட்டுப் போய்ப் பார்த்திருக்கீங்களா? "இல்லீங்க." அந்த ஒரு நாளைத் தவிர? "அந்த நாளைத் தவிர இல்லீங்க."

நீதிபதி தலை நிமிர்ந்து, "வேறு கேள்வி?" என்றார்.

என் நாக்கின் நுனியில் ஒரே ஒரு சொல் நின்றது. 'அப்ப ஏன்?' அவ்வளவுதான். வருஷக்கணக்காக நான் எதற்காகப் படித்தேனோ அது என் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேட்டால் அந்த ஆள் உடைந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கமாட்டானா என்று அவரே காத்திருப்பது போலவும் இருந்தது, கேட்டுவிடாதே என்று கெஞ்சுவது போலவும் இருந்தது. பாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடும் வேலையும் அவருடையவை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு மட்டும்தான் என்னுடையது. அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாக எல்லாம் தோன்றவில்லை. பயம்தான் இருந்தது. "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

யோகநாதன் இறங்கி வராண்டாவுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். எதிர்ப் பெஞ்சில் மேனேஜரும் அவர் வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் எங்களோடு நின்று மகளுக்கு மிட்டாய் வாங்க எந்தக் கடை நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் சட்டென்று கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை, அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அவர் பாதி தூரம் போன பிறகுதான் யோகநாதன் விழ ஆரம்பித்தார். தலை தரையில் படுவதற்குள் பாக்கியத்தின் கை அடியில் போய்விட்டது.

வலிப்பு. கையும் காலும் வெட்டி இழுத்தது. பாக்கியம் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, முந்தானையால் நுரையைத் துடைத்தார். "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும். ஆராச்சும் ஒரு சாவி குடுங்க" என்றார். மேனேஜர் முட்டி போட்டு உட்கார்ந்து தன் மோட்டார் சைக்கிள் சாவியை யோகநாதனின் கையில் வைத்து மூடினார். இரும்பால் ஒரு பலனும் இல்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று செய்ய வேண்டியிருந்தது. பாக்கியத்தின் முகத்தில் மட்டும் பதற்றமே இல்லை. பலதடவை செய்து பழகிய வேலையைச் செய்கிற முகம் அது.

இழுப்பு நின்று கண் திறந்த யோகநாதன் முதலில் கண்டது மேனேஜரை. "தொர..." என்று எழப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சரிவும் பாறையுமாக இருக்கிற காட்டில் இந்த நோயோடு ஒரு சூப்பர்வைசரை யார் வைத்துக்கொள்வார்கள்? "ஒண்ணுமில்ல யோகு, காலையில சாப்பிடல, மயக்கம்" என்று பாக்கியம் அவரை அமுக்கிப் படுக்க வைத்தார்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னைக்கும் இதுதானா பாக்கியம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொர" என்றார் பாக்கியம்.

இப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் யோகநாதன் விழுந்தார். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி அவரைத் தூக்கிக்கொண்டு மறைவாக எங்கோ போயிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்திருக்கிறார். தெளியாத தலையோடும் பயத்தோடும் யோகநாதன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. எனக்கு அவர்மேல் கடுங்கோபம் வந்தது. தன்னைத் தூக்கிச் சுமந்தவரின் வீட்டைப் பறித்துக் கொடுத்த மனிதர் இவர் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

சீனியரிடம் ஓடினேன். "மேடம், சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனுப் போட்டுடலாம். எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. ஒரே கேள்வி, முடிஞ்சுது."

"கட்சிக்காரரைக் கேட்டீங்களா?"

"அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப வேண்டாம். கேஸ் அவங்களுதுண்ணா. நமக்கு வாடகைக்குத்தான் குடுத்திருக்காங்க."

நான் பாக்கியத்திடம் போய்க் கேட்டேன். வீட்டை நினையுங்கள், பெண்ணை நினையுங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே, "வேணாங்க ஐயா. கூடைய வச்சே பேசுங்க" என்றார். தோற்றுப்போனால் என்று கேட்டேன். அவர் விரல்கள் மட்டும் பிழிந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தன.

அடுத்த வாய்தாவில் வாதம். என் வாழ்க்கையில் அவ்வளவு தெரிந்துகொண்டு அவ்வளவு குறைவாகப் பேசினது அன்றுதான். கூடையை மட்டும் பேசினேன். நீதிபதி சமவெளிக்காரர், நல்ல வேளையாக அவருக்கும் என் வியாதி இருந்தது. "இலை கூடையில் சூடாகுமா? எப்படி?" என்று கேட்டார். மழைநாளில் கூடைக்குள் கையை விட்டால் அடுப்பங்கரைத் திட்டில் கை வைத்தது போல இருக்கும் என்றேன். "வேலைக்கு மறுத்தவர்கள் கூலியை ஏன் விட்டுப் போக வேண்டும் என்று நிர்வாகம் விளக்கவில்லை. விளக்க வேண்டியது நாங்கள் அல்ல" என்று முடித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வராண்டாவில் அவரும்தான் இருந்தார். இரண்டு நிமிஷம் சட்டம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சும்மா இருந்ததால் ஒரு பெண் தெருவுக்கு வந்துவிடுவாளோ என்று என் மனைவியிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். "நீங்க சும்மா இருந்ததே அதிசயந்தானுங்க" என்றாள் அவள்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை, பாக்கியத்தை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அத்தோடு போயிற்று. நிர்வாகம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. மேனேஜர் யோகநாதனைக் காட்டிலிருந்து எடுத்து இலை நிறுக்கிற கொட்டகைக்கு மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் பாக்கியத்தின் லயத்துக்குப் போனேன். நான் எதற்குப் போனேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகள் வாசலில் படித்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் டீ போட்டுக் கொடுத்தார், பால் சேர்க்காத சாயத் தேநீர். பக்கத்து வாசலிலிருந்து ஒரு வயதான அம்மாள் சூடான தேங்காய் ரொட்டியைத் தட்டில் கொண்டுவந்து பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு, என்னை யாரென்று கேட்காமலே போனார். யோகநாதனின் தாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்டது.

"இப்பவாச்சும் சொல்லுங்கம்மா" என்றேன் குரலைத் தாழ்த்தி. "என்கிட்டகூட ஏன் சொல்லல? நான் உங்க வக்கீல்தானே? சொல்லியிருந்தா அன்னைக்கே ஜெயிச்சிருப்போமே."

பாக்கியம் ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். அந்தச் சுவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஜெயிச்சிருப்பீங்க ஐயா. இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் நான் இந்தக் காம்பராவுல எப்படீங்க குடியிருக்கிறது?"